சூடு காட்டாத எண்ணெய்

அன்புள்ள மகனுக்கு,

இவ்விடம் நானும் அப்பாவும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை விசாரிக்கும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். சுகமில்லை என்பதைத்தான் உன் கடிதம் நான்கு பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறதே. உறையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. விலாசம் உன் எழுத்தில் இல்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளின் கோணல் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிற எனக்கு, நீ ஒரே மாதத்தில் இப்படி மணிமணியாக எழுதப் பழகிவிட்டாய் என்று நம்ப முடியவில்லை. பிரித்துப் பார்த்தால் எஸ்டேட் கிளார்க்கைக் கொண்டு எழுதியிருப்பதாகவும், வலது மணிக்கட்டு ஒடிந்து கட்டுப் போட்டிருப்பதாகவும் முதல் வரியிலேயே இருந்தது. உட்கார்ந்து படித்தேன்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. நீ ஓட்டுகிற டீசல் லாரி பழையது. பேட்டரி செத்து மூன்று மாதமாகிறது, புதிதாக வாங்கித் தரவில்லை. கோத்தகிரிப் பக்கத்து உறைபனியில் காலையில் வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. அதற்காக, சாயங்காலமே எஞ்சின் எண்ணெயைத் தகரத்தில் வடித்து வைத்து, காலையில் அடுப்பில் சூடு காட்டி ஊற்ற வேண்டும் என்று கிளீனர் மாடசாமிக்கு நீ சொல்லி வைத்திருந்தாய். அன்றைக்கு அவர் சூடு காட்டவில்லை. நீ கேட்டபோது காட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். நீ வண்டி மூக்கில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாய், எஞ்சின் திருப்பி உதைத்தது. இப்போது எஸ்டேட் துரை விசாரணை வைத்திருக்கிறார். மாடசாமி பொய் சொன்னார் என்று நீ சொன்னால் அவருக்கு வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். நாற்பது வயது, மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். அடுத்த வாரம் நீ அதைச் சொல்லப் போகிறாய்.

என்னிடம் நீ இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். மார்கழி மாதத்தில் அப்பா தன் லாரியை எப்படிக் கிளப்பினார் என்பது ஒன்று. அப்பாவின் கை எத்தனை மாதத்தில் கூடியது, உன் கை பழையபடி ஆகுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். அவை இரண்டுக்கும் நடுவில் கிளார்க்கைக் கொண்டு ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அப்பாவைப் போலக் கட்டைவிரலை மடக்கி வைத்து நான் மாட்டிக்கொள்ளவில்லை, என் பேரில் தப்பில்லை." அந்த வரியை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன். நீ கேட்காத மூன்றாவது பதிலை எழுதப் போவது அந்த வரிக்காகத்தான்.

முதலில் லாரி. அப்பா ஓட்டிய லாரியை நீ விடுமுறைக்கு வரும்போது மட்டுமே பார்த்திருக்கிறாய். அப்போது நீ பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். ராஜபாளையத்துப் பருத்தி அரைவை ஆலை முதலாளி அதை யாரிடமோ பழசாக வாங்கினார். பொதியை ஏற்றி ரயிலடிக்கும் விருதுநகருக்கும் கொண்டு போக வேண்டும். அப்பா ராத்திரி வண்டியை நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தி, விடிவதற்குள் எடுத்துக்கொண்டு போவார். யுத்த காலம். பேட்டரி எங்கேயும் கிடைக்காது. இருந்த கிளீனரும் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். ஆக மிச்சம் இருந்தது உன் அப்பாவும் ஹேண்டிலும் நானும்.

நீலகிரிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிற நீ, நம் ஊர் மார்கழியைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பாய். மனிதனுக்கு அது குளிரில்லைதான். தேய்ந்த டீசல் எஞ்சினுக்கு அது போதும். பெட்ரோல் வண்டிக்குள் பற்றவைக்க ஒரு பொறி இருக்கிறது. டீசலுக்கு அது கிடையாது. உள்ளே காற்றை நெருக்கி நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சின் தேய்ந்திருந்தால் காற்று ஓரத்தில் கசிந்துவிடும். இரும்பு சில்லிட்டிருந்தால் பிறந்த சூட்டையும் அதுவே குடித்துவிடும். எண்ணெய் இறுகியிருந்தால் உன்னால் வேகமாகச் சுற்ற முடியாது, மெதுவாகச் சுற்றினால் சூடு பிறக்கவே பிறக்காது. இதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்ததை மறுபடி ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். "டீச்சருக்கே பாடம் எடுக்கேன் பாத்தியா" என்று அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவர் வைத்திருந்த முறை இது. ராத்திரி வண்டி வந்து நின்றதும், எண்ணெய் கொதியாக இருக்கும்போதே வடித்துத் தகரத்தில் மூடி வைப்பது. ஆற விட்டு வடித்தால் பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ரேடியேட்டர் தண்ணீரையும் திறந்து விட்டுவிடுவது. நம் ஊரில் அது வெறும் வழக்கம். உன் ஊரில் தண்ணீர் உறைந்தால் எஞ்சினே வெடித்துப் போகும், அதனால் ஒரு நாளும் மறக்காதே. நாலு மணிக்கு எழுந்து ஒரு அடுப்பில் தண்ணீர், ஒரு அடுப்பில் எண்ணெய். எண்ணெயைக் கொழுந்தில் வைக்கக் கூடாது, கங்கில் வைத்துக் குச்சியால் கிண்ட வேண்டும். விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிகிற சூடு போதும். தண்ணீரை முதலில் வெதுவெதுப்பாக ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து அதை வடித்துவிட்டு, அப்புறம்தான் நல்ல வெந்நீர். சில்லிட்ட இரும்பில் எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். கடைசியில் குச்சியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்தி, எஞ்சின் காற்று இழுக்கிற வாயருகே காட்ட வேண்டும், அனல் உள்ளே போகட்டும் என்று.

பெருமாள் கோவில் பக்கமிருந்து மார்கழிப் பாட்டு காற்றில் வரும். அந்த நேரத்தில் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டு டீச்சர் ஒருத்தி வெந்நீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு லாரியைச் சுற்றி வருவதைத் தெரு முழுக்கப் பார்க்கும். கோலம் போட வருகிற ராமாயி அக்கா ஒரு நாள் விடாமல் கேட்பாள், "ஏட்டி டீச்சரம்மா, லாரி என்ன பிள்ளையா பெத்துருக்கு, வெந்நியும் எண்ணெயுமா சொமக்க?" என்று. "பிள்ளையே இந்த லாரிதான் அக்கா, காலைல அழ வைக்கணும்லா" என்பார் அப்பா பானட்டுக்குள் தலையை விட்டபடி.

சுற்றும்போது என் வேலை எஞ்சின் மேலிருக்கிற லீவரைப் பிடித்துக்கொள்வது. லீவரைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே காற்று நெருங்காது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். அப்பா வேகம் பிடித்ததும் "விடு" என்பார். நான் விடுவேன். காற்று நெருங்கும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேகம் வருமுன் விட்டால் பிடிக்கிற எஞ்சின் பின்பக்கமாகத் திரும்பி ஹேண்டிலை உதைக்கும். அதற்காகத்தான் கட்டைவிரலை ஹேண்டிலுக்கு அடியில் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கச் சொல்வது. உதைத்தால் ஹேண்டில் கையை விட்டுப் போய்விடும், எலும்பு தப்பிக்கும். ராஜபாளையத்து டிரைவர்கள் ஹேண்டிலைத் தொடுகிற எவனுக்கும் முதலில் சொல்வது இதைத்தான். கட்டைவிரலை மடக்கிக் கையை ஒடித்துக்கொண்டவனை அந்த ஊரில் யாரும் டிரைவர் என்று சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒடிந்த கை கூடினாலும் அவனிடம் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். பிரேக் அறுந்து குளத்தில் இறக்கியவனுக்குக்கூட மறு வண்டி கிடைக்கும். கட்டைவிரல்காரனுக்குக் கிடைக்காது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். என் வகுப்பைத்தான் முதலில் பார்ப்பார் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் படம் வரைந்து, கணக்குப் பலகை எழுதி, அலுத்துப் படுத்து, நாலு மணிக்கு எழ வேண்டியவள் ஐந்துக்கு எழுந்தேன். விறகு பனியில் ஊறியிருந்தது. இரண்டாவது அடுப்பு பிடிக்கவே இல்லை. பிடித்த ஒரு அடுப்பில் வெந்நீர் வைத்தேன், அது இறங்கியதும் உலையை வைத்தேன். எண்ணெய்த் தகரம் மூலையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இன்றைக்கு அவ்வளவு குளிரில்லை, வெந்நீரே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நல்ல குளிர். அப்பா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய் எஞ்சினில் ஊற்றினேன். வழக்கமாகத் தண்ணீர் மாதிரி இறங்குகிற எண்ணெய், அன்றைக்குக் காய்ச்சிய பாகு மாதிரி கட்டிக் கட்டியாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

அவர் வந்து, "எண்ணெய் சூடாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை நான் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். இதற்கு என்னை யாரும் ஏற்றவில்லை.

அப்பா ஹேண்டிலைப் போட்டார். நான் லீவரைப் பிடித்தேன். முதல் சுற்று சுற்றிவிட்டு ஒரு கணம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை இன்னொரு தரம் இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். மூச்சு வாங்க நின்றார் என்று நினைத்தேன். சுற்றச் சுற்ற அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. வேகம் வரவே இல்லை. எப்போதும் எட்டு ஒன்பது சுற்றுக்குப் பிறகு வருகிற "விடு" அன்றைக்கு ஐந்தாவது சுற்றிலேயே வந்தது. விட்டேன். எஞ்சின் ஒரே ஒரு தடவை புகையைத் துப்பிவிட்டுத் திருப்பி உதைத்தது. ஹேண்டில் அவர் கையை விட்டுச் சுழன்று வந்து முன்கையிலேயே அடித்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டைவிரல் சரியான இடத்தில்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

தெருவே கூடிவிட்டது. ராமாயி அக்கா புருஷன் மாட்டு வண்டியைப் பூட்டினார். என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். அப்பா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கட்டவெரல மடக்கிட்டேன்லே. கவனமில்ல" என்றார். வலியில் தன் விரல்தான் தப்பு என்று அவரே நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என்னிடம், "நீ போ. இன்ஸ்பெக்டரு வந்துருவாரு" என்றார்.

நான் போனேன். இதை எழுதும்போது பேனா நிற்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். அவரை வண்டியில் ஏற்றி எலும்பு வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெருக்கல் கணக்கு நடத்தினேன். இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பற்றி நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகத் தலைமை ஆசிரியை சொன்னார்கள். அந்தக் காகிதத்தை இன்றுவரை நான் பிரித்துப் படித்ததில்லை.

மேலே நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததைத் தலைகீழாகத் தெரியும். ஆலை முதலாளி பார்க்க வந்தார். அவருக்கு அப்பாவின் மேல் பிரியம் உண்டு. "ஏமய்யா, இத்தனை வருசம் ஓட்டுன கை, கட்டவெரலுக்கா தெரியாமப் போச்சு?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாமப் போச்சுங்க" என்றார். எண்ணெய் சூடு காட்டவில்லை என்று அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது விபத்து. கை கூடியதும் வண்டி அவருக்குத்தான். கட்டைவிரல் என்று அவர் சொன்னதால், கூடிய கைக்கு ஆலை வாசலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. லாரியை வேறு ஒருவர் எடுத்தார். வாட்ச்மேன் சம்பளத்தில் ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட முடியாமல் உன் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. உனக்குப் படிப்பு போனதில் வருத்தமா, பின்னால் நீயே டிரைவர் ஆனதில் சந்தோஷமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு, சாப்பாட்டில் உட்கார்ந்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பெரிய டிரைவர்னு சொல்லுதிய, கட்டவெரல எங்க வைக்கணும்னு ஒரு சின்னப் பிள்ளைக்கித் தெரியுமே" என்றாய். உனக்குப் பதினைந்து வயது, கோபம் இருக்கும்தான். அப்பா இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அன்றைக்கு வாய் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அது கனத்துக்கொண்டே போயிற்று. நீ அவரைக் கேலி செய்த நாளெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். நீ மலைக்கு வேலைக்குப் போனபோது அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாய், அப்போதும் இருந்தேன். ஏழு வருடம். நான் மிகவும் வெட்கப்படுகிறேன்.

இப்போது உன் மாடசாமி. அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பொய் பொய்தான், எலும்பு எலும்புதான். ஆனால் ஏன் சூடு காட்டவில்லை என்று நீ அவரைக் கேட்டாயா என்பது நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. லயன் வீட்டில் எத்தனை அடுப்பு? விறகு ஈரமா? பிள்ளைகளில் யாருக்காவது காய்ச்சலா, அடுப்பில் வேறு ஏதாவது இருந்ததா? கேட்டுப் பார். ஒன்றுமில்லை, சோம்பல் என்றால் அதையும் தெரிந்துகொள். என்னை யாராவது அன்றைக்கு உட்கார வைத்துக் கேட்டிருந்தால், இன்ஸ்பெக்டர், ஈர விறகு, ஒரே அடுப்பு என்று நான் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் தைரியமில்லை.

கை விஷயம். எலும்பு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். நாற்பத்தைந்து நாள் அவிழ்க்கக் கூடாது என்றார். அப்பா முப்பதாவது நாள் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டார், ஆலைக்குப் போய் நிற்க வேண்டும் என்று. அதனால்தான் அவருடைய மணிக்கட்டு திரும்பவில்லை. நீ உன் ஆஸ்பத்திரிக்காரர் சொல்கிற நாளுக்கு ஒரு நாள் முன்னாலும் அவிழ்க்காதே. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை மட்டும் நாளெல்லாம் மடக்கி நீட்டிக்கொண்டிரு. கட்டு எடுத்த பிறகு ஈரத் துணியைப் பிழிந்து பழகு. உன் கை வரும், உனக்கு வயது இருக்கிறது. அதுவரை வண்டியை இரவில் ஏற்றத்தில், மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தச் சொல். மலை இருக்கிற ஊரில் ஹேண்டிலுக்கு என்ன அவசரம், உருட்டிவிட்டால் கிளம்பும். நம் தெரு சமதரை, எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பானட்டின் மேல் இரவு கோணிச் சாக்கு போடு. டீசல் பனியில் கலங்கித் தெரிந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று அப்பா எழுதச் சொன்னார்.

இதுவரை எழுதியது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து. அப்பா ஆலையிலிருந்து வந்ததும், தபாலில் போடுமுன் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஏழு வருடம் அவரிடம் மறைத்ததை உனக்கு மட்டும் எழுதிவிட்டு ஒட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முழுவதும் படித்தேன், எண்ணெய்த் தகரம், "ஆச்சு", எல்லாம். அவர் செருப்பைக் கழற்றாமல் கதவில் சாய்ந்து நின்றபடி கேட்டார். முடித்துவிட்டு நான் தலையைத் தூக்கவில்லை.

"லீவர விட்டதும் தொண்ட கிழிய ஒரு கத்து கத்துனியே, அத எழுதலியே" என்றார்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா? எண்ணெ சூடு காட்டல" என்றேன்.

"அது தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத சுத்துலயே தெரிஞ்சு போச்சு. சூடு காட்டுன எண்ணெ கைக்குத் தெரியாதா? உரலச் சுத்துத மாதிரி இருந்துச்சு."

அந்த முதல் சுற்றில் அவர் நின்றது, வேட்டியை இறுக்கிக் கட்டியது, எல்லாம் இப்போதுதான் வேறு மாதிரி தெரிந்தது. "தெரிஞ்சும் ஏன் சுத்துனிய? நிறுத்திட்டு எண்ணெய வடிச்சிருக்கலாம்லா? ஏன் அம்புட்டு சீக்கிரம் விடுன்னு சொன்னிய?" என்று கேட்டேன்.

"வடிச்சு, சுட வச்சு, ஊத்தி... ஒரு மணி நேரம் ஆயிரும். நீ ஸ்கூலுக்குப் போணும்லா" என்றார். சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

ஏழு வருடமாக அவரிடம் நான் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மறைத்துக்கொண்டிருந்தது அவர். நான் நிறைய அழுதேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது, உனக்கு அதில் வேலையில்லை.

உனக்கு உள்ளது இது. நீ ஐந்து வருடமாக ஹேண்டில் சுற்றுகிறவன். அப்பாவின் கைக்குத் தெரிந்தது உன் கைக்கும் தெரிந்திருக்கும். மாடசாமி காட்டிவிட்டேன் என்று சொன்னார், சரி. ஆனால் அன்று காலை முதல் சுற்று சுற்றியபோதே எண்ணெய் இறுகிக் கிடப்பது உனக்குத் தெரிந்ததா, இல்லையா? தெரிந்திருந்தால், நிறுத்தாமல் ஏன் சுற்றினாய்? அப்பா யாருக்காகச் சுற்றினார் என்பதை எழுதிவிட்டேன். நீ யாருக்காகச் சுற்றினாய்?

பதிலை எனக்கு எழுத வேண்டாம். விசாரணையில் உன்னைத் துரை கேட்கும்போது, மாடசாமியைப் பற்றிச் சொல்லுமுன் அதைச் சொல்.

கிளார்க்குக்கு என் வந்தனம் சொல். அடுத்த கடிதத்தையும் அவர் கையாலேயே எழுதி அனுப்பு. ஆனால் இந்தத் தடவை விலாசத்தில் என் பெயர் வேண்டாம், அப்பா பெயரைப் போடு.

அம்மா